மாதிரிப் பயணி

முதலில் பெயர் கேட்டது.
பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் கேட்கிற
அவசரக்காரக் கருவி அது.
‘அறை ஒதுக்கீடு’ என்று தட்டி என்டரை அழுத்தினேன்.
கண் இமைப்பதற்குள் பதினேழு கோப்புகள்.

துர்க்குவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்குக் கீழே உறைந்த ஆற்றின் மேல்
ஒரு சைக்கிள் தடம்
பாதி தூரம் போய்த் திரும்பியிருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.
சுவர் இருந்தது, ஆணி இருந்தது,
மாட்டப் படம் இல்லை.
‘விளக்கத்தை இங்கே எழுதவும்’ என்றது ஒன்று.
‘இதை நிரப்பாமல் விடாதீர்கள்’ என்றது இன்னொன்று,
நிரப்பாமல் விட்ட ஏழு மாட்யூல்களில்
நான் ஏற்கெனவே படித்த அதே வரி.
சோதனைக் கோப்பு மட்டும்
ஒன்றும் ஒன்றும் சமமா என்று தன்னையே கேட்டு
சமம்தான் என்று தானே பச்சை விளக்குப் போட்டுக்கொண்டது.
அன்று அந்த அறையில் யாருக்கும் கிடைத்த
ஒரே பாராட்டு.

கடைசிக் கோப்பில் ஓர் ஆள் இருந்தார்.
பெயர்: மாதிரிப் பயணி.
பிறந்த நாள்: எழுபதாம் வருடம், ஜனவரி ஒன்று.
முகவரி: மாதிரித் தெரு, எண் ஒன்று.
உணவு: மீன் வேண்டாம்.

மீன் ஏன் வேண்டாம்?
வார்ப்புருவைச் செய்த வேய்க்கோவிடம் கேட்டேன்.
“ஏதாவது எழுதணுமே” என்றான்,
காபி இயந்திரத்தின் வாயைத் துடைத்தபடி.

மற்றதையெல்லாம் அழித்து எழுதினேன்.
தளம், கட்டில், கட்டணம்,
நாயோடு வருவோருக்குக் கம்பளம் விரிக்காத அறை.
அவரை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.
பிறகு என்பது எங்கள் தொழிலில்
கிழமை இல்லாத ஒரு நாள்.

மார்ச்சில் மாட்யூல் கப்பலேறியது.
அவரும் ஏறினார்.

ஐந்தாம் தளம், ஐயாயிரத்து நூற்றுப் பதினாறு.
இரவுதோறும் அவருக்குப் படுக்கை விரித்தார்கள்.
காலையில் கசங்காத விரிப்பை உருவி
வேறு விரிப்புப் போட்டார்கள், விதி அப்படி.
தொண்ணூற்று மூன்று இரவுகள்
ஸ்டாக்ஹோமுக்கும் துர்க்குவுக்குமாய்
கடலைத் தாண்டிக்கொண்டே இருந்தார்
காசு கொடுக்காத,
மீன் தொடாத மனிதர்.

யுஹான்னுஸ் வாரம். கப்பலில் எள் போட இடமில்லை.
அப்போதுதான் தொலைபேசி வந்தது.
அறைப் பொறுப்பாளர் குன்வோர்,
ஸ்வீடிஷ் இழுவையில் பின்னிஷ் பேசும் ஓலந்துக்காரி.
“பதினாறாம் அறைக்காரர்
இன்றைக்கும் வரமாட்டார், இல்லையா?”

அவளுக்கு இரண்டாவது வாரமே தெரியுமாம்.
நாற்காலிச் சீட்டு மட்டும் வாங்கிய
பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி அங்கே தூங்கினாள்.
பள்ளிப் பாடகர் குழுவில் காய்ச்சல் கண்ட பையன்.
அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த லாரி டிரைவர்,
அவர் தூங்கவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தார்.
“உங்கள் பட்டியலில் அவர் இருப்பதால் கதவு திறக்கிறது.
எடுப்பதானால் ஒரு நாள் முன்னே சொல்லுங்கள்.”

வேய்க்கோ சிரிக்கவில்லை.
“கப்பலுக்கு ஏதாவது ஆனால்
இல்லாத ஒருவரைத் தேடிக்கொண்டு
இருட்டுத் தண்ணீரில் படகு சுற்றும்” என்றான்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு வரிதான். எடுத்தேன்.
முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தேன்.
“சரி” என்றாள். வைத்துவிட்டாள்.
அந்தச் ‘சரி’ திங்கள்வரை காதில் கிடந்தது.

திங்களன்று வேய்க்கோ தானாகவே
என் மேசைக்கு நாற்காலியை இழுத்து வந்தான்.
ஆள் இல்லாமல் ஓர் அறையைப் பிடித்துவைக்க,
யாருக்கு என்பதைக் கப்பலிலேயே முடிவுசெய்ய,
தூங்குகிறவர் பெயர் தூங்குகிற அறையிலேயே பதிய,
புது மாட்யூல் ஒன்று வேண்டும்.

கருவி பெயர் கேட்டது.
ஆட்களின் பெயரை வைக்கக் கூடாதென்பது
வேய்க்கோ எழுதிய விதி.
அவனே ‘குன்வோர்’ என்று தட்டினான்.

பதினேழு கோப்புகள்.
இந்த முறை கடைசியில் இருந்து தொடங்கினேன்.
அதே தெரு, அதே பிறந்த நாள்,
ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தார்.
அழிக்கும் முன் முழுக்க ஒரு முறை வாசித்தேன்,
மீன் வேண்டாம் என்பது வரை.